ரவுண்டானாவுக்கு எதிராக மெர்ல்

ஆர்லினின் வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறது என்று காபிக் கடையில் யாரோ சொன்னபோது மெர்ல் ஸ்டீன்ஹுக்குக்கு வாயிலிருந்த பன்னை விழுங்க முடியவில்லை. ஆர்லினுக்கு முழங்கையில் சிராய்ப்புதான், பின்னால் மாட்டிய பெட்டிவண்டியில் வந்த பன்றிகளுக்கு அதுகூட இல்லை என்றார்கள். ஆனாலும் மழையில் ஊறிய அந்தச் சரளைச் சாலைக்கு அவரை அனுப்பியது யார் என்று மெர்லுக்குத் தெரியும்.

அயோவாவின் அந்தச் சிற்றூர் வானொலியில் மெர்ல் வேலைக்குச் சேர்ந்தது, நண்பகலில் சோள விலையும் பன்றி விலையும் வாசிக்க. விலைகளுக்கு நடுவே ஆளுநரைப் பற்றி ஒரு வார்த்தை, வரியைப் பற்றி இரண்டு வார்த்தை என்று சேர்த்துக்கொண்டே போனார். டிராக்டர்களில் வானொலியைத் திருகுவது அந்த வார்த்தைகளுக்காகத்தான் என்று முதலாளி கண்டுகொண்டதும், காலை ஒன்பது முதல் பதினொன்று வரை மெர்லுடையதானது. அது நடந்து இருபத்திரண்டு வருஷம். தேவாலயம், துப்பாக்கி, சிறிய அரசாங்கம்; போதாததற்கு ஒரு வலைப்பூ. "நான் செஞ்சது தப்புன்னு எந்த அதிகாரியாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

நெடுஞ்சாலைச் சந்திப்பில் ரவுண்டானா கட்ட வந்தபோது அதை எதிர்த்து முப்பத்தாறு பதிவுகள் எழுதினார். கட்டிவிட்டார்கள். ஆர்லினைப் போல் பத்துப் பதினைந்து நேயர்கள் அதில் சக்கரம் வைப்பதில்லை என்று முடிவெடுத்து, மெர்லுக்காகச் சரளைச் சாலையில் நாலு மைல் சுற்றிப் புழுதி குடித்தார்கள்.

டிசம்பர் பனியில், மகளுக்குப் பிரசவ வலி என்று ஓடிய அவசரத்தில், மெர்ல் ரவுண்டானாவுக்குள் நுழைந்தார். எங்கும் நிற்கவே இல்லை. வெண்ணெயில் கத்தி போல் வெளியே வந்துவிட்டார். மறுநாளும் அதே வழி. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மே மாதம்.

கடையிலிருந்து நேராக நிலையத்துக்குப் போய் ஒரு பதிவு எழுதி ஏற்றினார். ஒன்பது மணிக்கு அதையே வாசித்தார். ரவுண்டானா நல்லது, நான் சொன்னது தப்பு, டிசம்பரிலிருந்து அதில்தான் போகிறேன். நேயர்கள் இன்றோடு போய்விட்டால் அவருக்குத் தெரிந்த வேறு தொழில் பன்றி விலை வாசிப்பது ஒன்றுதான்.

முதலில் அழைத்தவர், எவ்வளவுக்கு விலைபோனாய் என்று கேட்டார். அடுத்தது லவோன். ஓய்வு பெற்ற தபால்காரி, எதிர்க்கட்சி, வியாழன்தோறும் மெர்லோடு மல்லுக்கு நிற்பவள். ரவுண்டானா விஷயத்தில் அவரைக் கிழிக்க மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தாளாம்.

"தப்புன்னு ஒத்துக்கிட்டவன அடிக்கிறது எங்க வீட்டுப் பழக்கமில்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பிறகு ஆர்லின். பேசுவது எட்டு வினாடி கழித்தே ஊருக்குப் போகும். வசவு வந்தால் வெட்டிவிட ஒரு பொத்தான் உண்டு. கண்ணாடிக்கு அப்பால் ஒலிபரப்பைக் கவனிக்கும் டாரா அதில் விரலை வைத்தாள். வேண்டாம் என்று மெர்ல் தலையசைத்தார்.

"டிசம்பர்ல இருந்தா?" என்றார் ஆர்லின்.

"ஆமா."

"நான் முந்தாநாள்கூட அந்தப் பக்கம் சுத்திட்டுத்தான் போனேன். நேத்து விழுந்தேன்."

"தெரியும்ப்பா. அதான் இன்னைக்குச் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

ஆர்லின் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வானொலியில் மௌனம் பாவம். மெர்ல் அதை அப்படியே விட்டார்.

"சரி, சனிக்கிழம என் வண்டில வந்து உக்காரு," என்றார் ஆர்லின். "அந்த ரவுண்டானாக்குள்ள எப்படிப் போறதுன்னு எனக்குத் தெரியாது."

சனிக்கிழமை ஆர்லின் ஒழுங்காகத்தான் நுழைந்தார். பாதி வட்டத்தில் திடீரென்று நிறுத்தினார். பக்கவாட்டுச் சாலையில் லவோனின் கார் காத்திருந்தது. நீ போ என்று ஆர்லின் கையசைத்தார். நீங்க போங்க என்று அவள் அசைத்தாள். பின்னால் ஒரு தீவன லாரி வந்து நின்றது. அந்த ஊரில் ஹாரன் அடிப்பது கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும்தான். லாரிக்காரர் பொறுமையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உள்ள இருக்கிறவன் நிக்கக் கூடாது, ஆர்லின்."

"ஒரு பொம்பள காத்துக்கிட்டு நிக்கிறா, நான்பாட்டுக்குப் போகவா? திங்கக்கிழம இதப் பத்திப் பேசுய்யா."

"யாரத் திட்டிப் பேச?"

"லவோனத்தான். போன்னு சொன்னா போகணும்ல."

மெர்லுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியை இறக்கி, அவரும் லவோனைப் பார்த்துக் கையசைத்தார்.