எட்டுப் பேர் தூக்கும் சுருவம்

தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, வின்சென்சோ கிழவர் கோயிலின் கீழ்மண்டபத்துக்கு இறங்கி வந்தார். செல்வரட்ணத்துக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. தமிழர் வந்தால் மண்டபம் கறி மணக்கிறது என்று முப்பது வருடங்களுக்கு முன் சுவாமியாரிடம் கடிதம் கொடுத்த மகான் இவர்தான். வாயைத் திறந்தால் தெற்கு இத்தாலியிலுள்ள தன் ஊர் பித்தொந்தோவின் புராணம். அந்த ஊர் ஒலிவ் தோட்டங்கள் இல்லாவிட்டால் உலகம் எண்ணெயே கண்டிராதாம். எண்ணூறு வருடத்துக் கற்கோயிலாம், வாசலில் கற்சிங்கமாம். அவ்வளவு சீரும் சிறப்புமான ஊரை விட்டுவிட்டு ரொறன்ரோவில் ஏன் சீமெந்து குழைத்தார் என்பதை மட்டும் கிழவர் சொன்னதில்லை.

இப்போது அந்த ஊர்ப் புனிதர்களைத் தூக்க ஆளில்லை. கோஸ்மாஸ், தமியான் என்ற மருத்துவர் இருவரும் ஒரே பீடத்தில் நிற்கும் சுருவம் அது. பவனியில் தூக்க எட்டுப் பேர் வேண்டும். கிழவரின் ஊர்ச்சங்கத்தில் எல்லோருக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது. பிள்ளைகள் திருநாளுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தமிழர் உதவுவார்களா என்று கேட்டார்.

பிள்ளை வளர்க்கத் தெரியாத சனம் என்று செல்வரட்ணம் மனதுக்குள் காறித் துப்பினார். வெளியே பெருந்தன்மையாகச் சிரித்து, எட்டு இளம் பெடியன்களை இறக்குவது தன் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

"மகனைக் கேட்டனீங்களே?" என்றார் மனைவி மக்டலீன், காரில் ஏறியதும்.

"றொய்சன் மாட்டன் எண்டு சொல்லுவானே? அவனென்ன உந்த இத்தாலிக்காரற்ற பிள்ளையள் மாதிரியே?"

பவனி நாள் காலை பத்து மணிக்குக் கிழவரின் மேசையில் சுருவம் தூக்குபவர்கள் கட்டும் எட்டுச் சிவப்புப் பட்டிகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. றொய்சனிடமிருந்து குரல் செய்தி வந்தது: "சொறி அப்பா, ஃப்றெண்ட்ஸோட கொட்டேஜில நிக்கிறன். நெக்ஸ்ட் இயர், ஷுவர்." மற்ற ஏழு பெடியன்களில் ஒருவனும் போனை எடுக்கவில்லை. வந்து நின்றவர்கள் இரண்டே பேர்: குனிய முடியாத நாரிப்பிடிப்புக்காரர் அகஸ்ரின், போன மாதம் இருதய ஒப்பரேசனில் நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்ட அன்புராசா. செல்வரட்ணத்துக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஒரு பொய் சொல்லலாமென்று பார்த்தார்.

வின்சென்சோ களஞ்சிய அறைக்குப் போய், மடக்குக் கதிரைகள் ஏற்றும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சுருவத்தை ஏற்றுவதற்காக அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். சரிகைக்கரை பிடித்த புதுத் துணி. நான்கு மூலைகளும் வண்டியின் அளவுக்கே முன்னமே அச்சொட்டாகத் தைக்கப்பட்டிருந்தன.