இரண்டு முறை தட்டியவள்

டயர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுகிற ஒன்பது பேரை நம்பித்தான் நாட்டின் எதிர்காலம் இருந்தது. அந்த ஒன்பது பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்கு விஷயம் தெரியாது. கீழே டயர் கழற்றுகிற சத்தம் எழும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவார்கள், ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடங்குவார்கள். விட்ட இடம் பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கூட்டத்தை நடத்துகிறவனுக்குக் 'கொள்கை' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் முதலில் விழுவது அந்தச் சொல்தான். அப்பாவுக்கு வருகிற வீட்டு வாடகையில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, உழைப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். சரி, உன் கொள்கைதான் என்னப்பா என்று கேட்டால், அவங்களை எதிர்ப்பது என்பான். அவங்க என்பது நாலு தெரு தள்ளி ஒரு ஜிம்முக்கு மேலே இதேபோல ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இன்னொரு கும்பல். அங்கேயும் ஒரு கொள்கை இருந்தான். அவனுக்குத் தாடி கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண் இந்த மாடிக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. கண்ணாடிக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு ஊரில் மூன்று அண்ணன்கள். போனில் கூட அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மூவரில் ஒருவன் முடித்துவைப்பான், அதுவும் தப்பாக. அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ்தான் ஒருநாள் சும்மா வந்து பாரேன் என்று இங்கே அழைத்து வந்தாள். அன்றைக்கு யாரோ ஒருவன் அவளிடம் அபிப்பிராயம் கேட்டான். கேட்டுவிட்டு வாயையும் மூடிக்கொண்டான். போதாதா? அந்த நிமிடமே அவள் அமைப்பின் ஆளாகிவிட்டாள். அப்படிக் கேட்டவன் ஜிம் மாடிக்காரனாக இருந்திருந்தால் இன்றைக்கு அங்கே உட்கார்ந்து இவர்களைத் திட்டிக்கொண்டிருப்பாள். இது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் முயலவில்லை.

அந்த ஞாயிறு கொள்கை முகத்தில் சாவு வீட்டுக் களையோடு போனை நீட்டினான். ஜிம் மாடித் தலைவன் தன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற படம். கீழே ஹார்ட் போட்டவர்களில் நர்ஸின் பெயர்.

போன் கைமாறி வந்ததும் கண்ணாடிக்காரிக்கு விஷயம் புரிந்தது. நர்ஸ் புதன்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க சோப்பு. டூட்டி மாற்றியிருக்கிறார்களா என்று என் போனில் பாரேன் என்றாள். பார்த்துவிட்டு வைக்க வேண்டியதுதானே? அந்தத் தலைவன் படம் கண்ணில் பட்டுவிட்டது. தலைக்கு மை அடித்திருக்கிறானா என்று பெரிதாக்கிப் பார்க்கும் ஆசையில் இரண்டு முறை தட்டினாள். படம் பெரிதாகவில்லை, நடுவில் ஒரு ஹார்ட் வந்து மறைந்தது. மறைந்ததைப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதை நர்ஸிடம் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு பாயிண்ட் என்று கையைத் தூக்கும் கல்லூரிப் பையன் இப்போதும் தூக்கினான். "ஒரு தடவை தட்டினா கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். ரெண்டு தடவை தட்டினா அது நிலைப்பாடு."

என்ன ஆராய்ச்சி! எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த ஒன்பது பேரில் உருப்படியாக ஏதாவது செய்தவள் நர்ஸ் ஒருத்திதான். தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தபோது, கண்டன அறிக்கையில் 'வன்மையாக' என்று போடுவதா, 'கடுமையாக' என்று போடுவதா என்று இவர்கள் அடித்துக்கொண்டிருக்க, அவள் அலுவலகத்துக்கே போய் நின்று ஆளைக் கையோடு கூட்டி வந்தாள். அது சேவை, அரசியல் ஆகாது என்று கொள்கை அப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

ராத்திரி டூட்டி முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்திருந்த நர்ஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள். "நான் போடலை. போட்டிருந்தாத்தான் என்ன? கேக்கைத்தானே வெட்டுறான், ஆளையா வெட்டுறான்?"

பிறகு யார் போட்டது என்று கொள்கை கேட்டான். நர்ஸ் கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. சொல்லித் தொலை, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்கிற பார்வை.

நான்தான் என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் சொல்லிவிட்டால் நாளை முதல் இந்த மாடியில் அவள் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? திரும்பவும் அந்த மூன்று அண்ணன்கள்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தனிப்பட்ட முறையில அக்கா மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு. ஆனா உறவு வேற, அமைப்பு வேற. தப்பு யார் வேணா பண்ணலாம். அதை ஒத்துக்காம மறைக்கிறாங்க பாருங்க, அதுதான் மன்னிக்க முடியாத தப்பு."

கடைசி வாக்கியம் அவளுக்கே ஒரு கணம் காதைக் கூசவைத்தது. ஒரே ஒரு கணம்தான். அப்புறம் நாக்கு வழுக்கிக்கொண்டு போனது. அறம் வந்தது, நேர்மை வந்தது, வரலாறு கூட வந்து எட்டிப் பார்த்தது. கேவலம், நன்றாகவே பேசினாள்.

நர்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாப் பேசுறடீ," என்றாள். "நடுவுல யாரும் நிறுத்தவே இல்லை, பாத்தியா? இதுக்குத்தானே."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அந்த வாரமே அறையையும் காலி செய்துவிட்டு மருத்துவமனை விடுதிக்குப் போய்விட்டாள்.

கொள்கை கண்ணாடிக்காரிக்கு அங்கேயே ஒரு பதவியும் கொடுத்தான். உறுப்பினர்கள் யார் யார் எதெதற்கு ஹார்ட் போடுகிறார்கள் என்று கவனித்துச் சொல்ல வேண்டும். முகமெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு முதலில் பேசியவள் அவள்தான். அரை மணி நேரம் பேசினாள். ஒருவரும் குறுக்கிடவில்லை. அத்தனை பேரும் தலையைக் குனிந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, எந்தக் காலத்திலோ போட்ட ஹார்ட்டுகளைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசி முடித்தது கூட அவர்களுக்குத் தெரியவில்லை.