ஹெலன் பாட்டுக்கு எந்தக் கம்பி

காஷிஃப்பை எனக்குப் பிடிக்காது. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் டிசைன் செக்‌ஷனுக்கு நேற்று வந்தவன், அதற்குள் எல்லாருக்கும் தோஸ்த். அதுகூடப் பரவாயில்லை. அங்கேயே தையல் செக்‌ஷனில் இருக்கும் என் மனைவி ஹெலன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கிட்டாருக்குப் பாடினாள் என்று செக்‌ஷனே பேசிக்கொண்டது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஹெலன் பாட்டுக்கு நான்தான் கிட்டார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மேல் சுருதி எட்டவில்லை. பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவாள். "விடுங்க, தொண்ட போச்சு" என்பாள். நானும் விட்டுவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அவன்கிட்ட மட்டும் எப்டி பாட வந்துச்சு?"

"அவன் கிட்டார் சுருதியையே எறக்கி வெச்சினு வாசிக்கிறான். எனக்குத் தோதா இருக்குது. ஆண்டு விழாவுல பாடச் சொல்றாங்க. நீங்களும் எறக்குங்க, உங்களோடவே பாடறேன். இல்லனா அவனே வாசிக்கட்டும்."

அவனே வாசிக்கட்டுமாம்! இறக்குவது என்ன பெரிய வித்தையா? ஆறு கம்பியையும் அவன் வைத்திருக்கும் அளவுக்குத் தளர்த்தினேன். கம்பிகள் மரத்தில் பட்டு ஜர்ரென்று இரைந்தன. விரலை அழுத்தினால் சுருதி விலகியது. ஹெலன் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் லெதர் செக்கர். மெல்லிய தோலைத்தான் உசத்தி என்று ஒதுக்கிப் பழகிய கை. கிட்டாருக்கும் கடையில் இருப்பதிலேயே மெல்லிய கம்பியைத்தான் வாங்குவேன். தடித்தது என்றால் இளக்காரம். ஆனாலும் அவனுடையதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போன நேரத்தில், தோலின் கனம் பார்க்கும் கேஜை எடுத்துக்கொண்டு டிசைன் செக்‌ஷனுக்குப் போய், அங்கே இருந்த அவன் கிட்டாரின் ஆறாவது கம்பியில் வைத்தேன். ஒன்று புள்ளி நாலு மில்லிமீட்டர் காட்டியது. என்னுடையது ஒன்றைத் தாண்டினாலே அதிகம்.

"இன்னாண்ணே, கம்பி பாஸா, ரிஜெக்டா?"

கதவருகே காஷிஃப் நின்றிருந்தான். கேஜை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"சுருதிய எறக்கினா மெல்லிசு கம்பி தொளதொளன்னு ஆயிடும்ணே. கனமா போட்டாதான் விறைப்பா நிக்கும். என்கிட்ட ஒரு செட்டு புதுசா கீது, எடுத்துக்கோங்க."

அவன் கையால் வாங்குவது எவ்வளவு பேஜார் என்று எனக்குத்தான் தெரியும். வாங்கிக்கொண்டேன். ஆண்டு விழாவில் அவள் பக்கத்தில் அவன் நிற்பதைப் பார்க்க என்னால் ஆகாது.

வீட்டில், கம்பி உட்காரும் பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் அகலமாக்கிப் புது செட்டை மாட்டினேன். இறக்கிய பிறகும் கம்பிகள் விறைப்பாகவே நின்றன. வாசித்தேன். ஹெலன் பாடினாள். எப்போதும் நிறுத்தும் இடம் வந்தது. அவள் நிறுத்தவில்லை, கடைசி வரி வரைக்கும் போனாள்.

பிறகு கொஞ்ச நேரம் கழுத்திலிருந்த தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு வருஷமா தொண்ட போச்சுன்னே நெனச்சினு இருந்தேங்க. கிட்டார எறக்கிப் பாக்கலாம்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணலியா?"

தோணவில்லை. அவனுக்குத் தோணியிருக்கிறது.

"காஷிஃப்புக்கு ஃபோன் போட்டுக் குடுங்க, சொல்லணும்" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அவனிடம் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது.