முறைக்கு வந்த அலமாரி

ரிசார்ட்டில் எந்த வருஷம் எது ஃபேஷனாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அதற்குக் கீழே வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை எட்டிப் பார்த்தால் போதும். இரண்டு வருஷம் பிந்தியிருக்கும், அவ்வளவுதான். ராமலட்சுமி வீட்டில் சாம்பல் நிற சோபா. பெரியமுத்து வீட்டில் கூடையைக் கவிழ்த்த மாதிரி பிரம்பு விளக்கு, பல்பு இல்லாமல். மேலே அலங்காரம் மாறும்போது கழித்துக் கட்டும் சாமான்கள் அங்கே வேலை செய்பவர்களுக்கு வரும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒரு தடவைக்கு மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு சாமான். விட்டால் அடுத்த முறை வர ஆறு வருஷம் ஆகும்.

இந்த வருஷம் பூமாரிக்கு முறை.

சின்னக்கானலில் இருந்த அந்த ரிசார்ட்டில் அவள் அறை துடைப்பவள். ஏழாம் எண் அறையின் மடக்குத் தட்டியை மூன்று வருஷமாகத் துடைத்து வந்தாள். அறையை இரண்டாக மறைக்கும் ஆளுயர மரத்தட்டி. துணி அதன் மேல் ஓடும்போதெல்லாம் மனசு அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டு நடுவில் நிறுத்தும்.

வீடு என்றால் ஒரே அறை, ஓரத்தில் அடுப்படி. எஸ்டேட்டில் மரத்திலிருந்து விழுந்து முதுகு போன புருஷன் மொக்கையன் அந்த அறையில் படுத்திருந்தான். அவனுக்கு டிவிதான் மருந்து. அணைத்தால் வலி தெரியும். மகள் மோனிஷாவுக்கு அக்டோபரில் அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை. போன தடவை மூன்று மார்க்கில் போயிற்று. அவள் கக்கூஸுக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். மழை பிடித்தால் அதுவும் இல்லை. இந்தத் தடவையும் போனால், அதே வாளியை நிமிர்த்திக்கொண்டு அவளும் ரிசார்ட்டுக்குத் துடைக்க வர வேண்டியதுதான்.

ஜூனில் டிசைனர் வந்தாள். பெயர் ஜிஸ்மி. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்த சிசிலியின் மகள், கொச்சியில் படித்தவள். மேனேஜருக்குப் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள்.

"வெள்ள போச்சு சார். பளபளப்பும் போச்சு. அடுத்த வருஷம் மண் கலரு, பாசிக் கலரு."

"ஏழாம் நம்பர்ல ஒரு தட்டி இருக்கே?" என்றார் மேனேஜர். சாயாத் தட்டோடு நின்ற பூமாரி மூச்சைப் பிடித்தாள்.

"ஐயோ, அத எடுக்காதீங்க. ஒரே ஹாலாத் தொறந்து போடுற காலம் முடிஞ்சது. இனிமே ஆளுக்கு ஒரு மூல வேணும், ஒரு மறைப்பு வேணும். இன்னும் நாலு தட்டி வாங்கணும்."

மூன்று வருஷக் கனவு ஒரே பேச்சில் மண்ணாய்ப் போனது. பூமாரிக்குச் சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு. வீடு முழுக்கத் திறந்து கிடப்பது பணக்காரர்களுக்கு அலுக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவளுக்கு முதல் நாளே அலுத்துவிட்டது.

ஜிஸ்மி அடுத்த படத்தைத் தள்ளினாள். ஓர் அலமாரி. கதவைத் திறந்தால் உள்ளே மேசை, விளக்கு. "மூடினா ஆபீசே காணாமப் போயிரும் சார்."

"நம்ம கெஸ்ட்டு இங்க வேல பாக்கவா வர்றான்?" மேனேஜர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பூமாரியின் மனசு போகவில்லை.

இரண்டு வாரத்தில், கழித்துக் கட்டிய சாமான்கள் முற்றத்துக்கு வந்தன. முறைக்காரர்களில் சித்ரா, ஆட்டுக்குட்டி மயிர் மாதிரி துணி போட்ட நாற்காலியை எடுத்தாள். பாண்டி ஆளுயரக் கண்ணாடியை எடுத்தான். பூமாரி கை நீட்டியது ஏழடி வெள்ளை அலமாரியை.

"மதினி, ஒங்ககிட்ட இருக்கது நாலு சேல. அதுக்கு இம்புட்டு அலமாரியா?" என்று சித்ரா சிரித்தாள்.

பாண்டி கையால் அளந்து பார்த்தான். "உள்ள போயிரும் மதினி. நிமுத்த முடியாது, கூர இடிக்கும். வேணும்னா அண்ணனுக்குத் தொணையாப் படுக்கப் போடலாம்."

"அவுகளுக்குத் தொண நான் இருக்கேன். நீ வாயக் கொற."

ஆனால் அவன் சொன்னது நிஜம். எடுத்ததை மாற்றவும் முடியாது, முறை அப்படி. அவள் நேரே ஜிஸ்மியிடம் போனாள்.

"ஒரு அடி அறுத்துத் தரச் சொல்லும்மா."

"எதுக்குக்கா?"

"நீதான காட்டுன. கதவத் தொறந்தா மேச. எம் மகளுக்கு."

ஜிஸ்மி போனில் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் படத்த ஏழு ரிசார்ட்டுல காட்டிட்டேன்க்கா. எடுத்த மொத ஆளு நீங்கதான்."

ஞாயிற்றுக்கிழமை ஜிஸ்மி ஆசாரி கபிரியேலைக் கூட்டிக்கொண்டு லைனுக்கே வந்தாள். அடியில் ஒரு அடி அறுத்தார்கள். நடுத் தட்டை இழுத்தால் வெளியே வருகிற மாதிரி மாட்டினார்கள். கதவு திறந்தால் தானே எரியும் விளக்கு அதில் முன்பே இருந்தது. பாண்டியும் சேர்ந்து தூக்கி, வீட்டு நடுவில், மொக்கையனுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார்கள்.

"எனக்கு முதுகுதானா?" என்றான் அவன்.

"ஒங்க முதுக விட நேரா இருக்குல்லப்பா," என்றாள் மோனிஷா. முதலில் சிரித்தது அவன்தான்.

நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லை அந்த லைனில். பூமாரி கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தாள். ஜிஸ்மி தட்டைக் கையால் மூடிய பிறகும் விரலிடுக்கு வழியே இன்னொரு கரண்டி ஊற்றினாள். கூலி பேச வாயெடுத்தபோது, "அக்கா, கொழம்பு எரிக்குது, தண்ணி குடுங்க," என்று ஜிஸ்மி பேச்சை மாற்றிவிட்டாள். அறுத்த கபிரியேலுக்கும், கேலி செய்துகொண்டே தூக்கிய பாண்டிக்கும், எங்கோ உட்கார்ந்து வெள்ளை அலுத்துப்போன முகம் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் பூமாரி அன்று ஊற்றினாள்.

எல்லாரும் போன பிறகு மோனிஷா கதவைத் திறந்து ஸ்டூலைப் போட்டாள். பலகை பார்வையை மறைத்தது, சத்தத்தை மறைக்கவில்லை. டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். இதைப் பூமாரி யோசிக்கவில்லை.

அலமாரி விளக்கின் வெளிச்சம் மேலே வழிந்து கூரைத் தகரத்தில் விழுந்தது. மல்லாந்து படுத்திருந்த மொக்கையனுக்கு அது நேரே தெரிந்தது. ரிமோட்டை எடுத்தான். சத்தம் நின்றது.

"வலிக்குமேய்யா," என்றாள் பூமாரி.

"படம் ஓடுதுல்ல, போதும். தகரத்துல வெளிச்சம் இருக்கவரைக்கும் இப்பிடியே பாக்கேன்."

அவள் அவன் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் புத்தகத் தாள் புரளும் சத்தம், வீட்டுக்குள்ளேயே கேட்டது.