கம்பெனிக் கல்லறை

ஜப்பானில் புத்த மடங்கள் நிறைந்த கோயா மலையில் எங்கள் கம்பெனிக்கென்று ஒரு கல்லறை உண்டு. வேலையில் இருக்கும்போதே செத்தவர்களின் பெயர்களை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். என் கணவர் கென்சாக்குவின் பெயரும் அதில் இருக்கிறது. தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் அவர் சட்டைக் கை மாட்டி, ஆளையே உள்ளே இழுத்துவிட்டது.

செத்த பிறகும் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. சாயங்காலம் வாசலில் ஷூ கழற்றும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் சுவரோரமாக நிற்பார். உள்ளே வர மாட்டார். நானும் பயப்படுவதை எப்போதோ விட்டுவிட்டேன். "வாங்களேன்" என்பேன். தலையைக் குனிந்துகொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவர் போனபின் கம்பெனி எனக்கு ஆபீசில் வேலை கொடுத்தது. தொழிலாளர்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்து வாங்கிய பங்குகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. இப்போது அதற்கு நான்தான் தலைவி. பொதுக்கூட்டத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஓட்டுப் போடுவது என் வேலை. இத்தனை நாள் முதலாளி இசோகாய் சொன்னதற்கெல்லாம் கை தூக்கினேன், அவ்வளவுதான். இந்த வருடம் டோக்கியோவிலிருந்து நெசு என்பவர் வந்தார். சத்தமில்லாமல் பங்குகளை வாங்கிச் சேர்த்து, முதலாளியையே பதவியிலிருந்து இறக்கத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. எங்கள் சங்கத்து ஓட்டு விழும் பக்கம்தான் ஜெயிக்கும்; நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

நெசு ஆபீசுக்கே வந்து என்னிடம் ஓட்டுக் கேட்டார்.

"அம்மா, உங்க கம்பெனிப் பங்கு அத்தனையையும் சந்தை விலைக்கு வாங்கினாக்கூட, பேங்க்ல தூங்குற பணம் அதைவிட ஜாஸ்தி. கடையை வாங்கினா கல்லாப்பெட்டி இலவசம்ங்கிற கதை."

"எங்க முதலாளி சிக்கனம்."

"நல்ல சிக்கனம்! தாத்தா காலத்துலேருந்து பணத்துமேல படுத்துக் கெடக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. கென்சாக்கு சாவதற்கு முன்னால், கை உள்ளே போனால் மெஷினைத் தானாக நிறுத்தும் கருவி வேண்டும் என்று தொழிலாளர்கள் கெஞ்சிய வருடம் ஒன்று உண்டு. காசில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றார் முதலாளி. அந்த வருடத்தைச் சொல்லி, அப்போது கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன்.

"அந்த வருஷமா? அப்பத்தாம்மா மத்த எல்லா வருஷத்தையும்விட அதிகம்" என்றார் நெசு. விஷயம் தெரியாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்றவரிடம், "காசு இருந்துச்சாங்க" என்றேன். செத்ததிலிருந்து முதல்முறையாக அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் முதலாளி ஆபீஸ்காரர்கள் எங்களைக் கோயா மலைக்குக் கூட்டிப்போனார். ஒரே மூடுபனி. பிக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் வெட்டிய கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலாளி என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"தோமோயேம்மா, அந்த டோக்கியோப் பயலுக்கு இது வெறும் கல்லு. வித்துத் தின்னுடுவான். அப்புறம் இவங்களுக்கு யாரு ஊதுவத்தி ஏத்துவாங்க? உங்க ஓட்டு இவங்க ஓட்டு."

நெசு யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. கல்லறையை விற்றாலும் விற்பார். இருந்தாலும் சொன்னேன்.

"இவங்க ஓட்டைத்தான் போடப்போறேன், முதலாளி. நெசுவுக்கு."

அவர் முகம் செத்துப்போயிற்று. "சோறு போட்ட கம்பெனிம்மா இது! கென்சாக்கு என்ன நினைப்பான்? இவங்க மனசெல்லாம் என்ன பாடுபடும்?"

பனிக்குள் அவருக்குப் பின்னால் கென்சாக்கு நின்றிருந்தார். அவர் மட்டுமில்லை. கல்லில் பெயர் உள்ள அத்தனை பேரும், வேலை உடுப்போடு, தோளோடு தோள் உரச நின்றிருந்தார்கள்.

"நீங்களே கேளுங்க முதலாளி. உங்க முதுகுக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மந்திரம் முடிந்தது. கல்லுக்கு ஊதுவத்தி ஏற்ற வரச்சொல்லி பிக்கு இரண்டு முறை கூப்பிட்டார்.

முதலாளி திரும்பவே இல்லை.