சிக்னல் பாறை

மாப்பிள்ளையிடம் என்ன குறை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குடிப்பதில்லை, ஊர்வம்புக்குப் போவதில்லை. போக முடியாது என்பதுதான் உண்மை. வம்பு பேச ஆள் வேண்டாமா? மகாராஜா முண்டந்துறைக் காட்டுக்குள் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தான். மாதத்தில் இருபத்தைந்து நாள் மலைமேல் கேம்ப் ஷெட்டில் படுக்கை. மிச்சம் இருக்கும் நாலைந்து நாள்தான் வீடு.

இசக்கிசெல்வி சென்னைப் பக்கம் ஒரகடத்தில், கார்களுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனியில் இருந்தாள். அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து டிரெய்னியாக வந்து, வருஷக்கணக்கில் லைனில் நின்று, இந்த ஆடியில்தான் பெர்மனென்ட் ஆனாள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று கம்பெனி பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுப் பெண் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மகாராஜா வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இருவருக்கும் பிடித்துப்போயிற்று, போன் நம்பரும் வாங்கிக்கொண்டார்கள். அங்கேதான் வந்தது வினை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; இவள் போன் ஷிப்ட் முழுக்க லாக்கரில் கிடக்கும். அவனுக்கோ கேம்பில் சிக்னலே கிடையாது. ஒரு கானாற்றைத் தாண்டி, ஈத்தல் மூங்கில் புதருக்குள் புகுந்து ஏறி, நாங்கு மரம் நிற்கும் ஒரு பாறைக்குப் போனால் அரைகுறையாகக் கிடைக்கும். ரோந்து முடிந்து வெயில் சாயும் நேரத்தில் அங்கே ஏறி, இவள் அனுப்பியதைக் கேட்டு, பதில் பேசி அனுப்பிவிட்டு இறங்கிவிடுவான். இவள் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து கேட்டுப் பதில் பேசும்போது அவன் இறங்கியிருப்பான். இன்றைய கேள்விக்கு நாளைதான் பதில். இப்படி ஒரு காதலை வைத்துக்கொண்டு சண்டைகூடப் போட முடியாது. கோபம் போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போய்விடும்.

அவன் பேச்சில் 'சாப்பிட்டீங்களா' ஒரு தடவை வரும். மற்றதெல்லாம் மலைதான்.

"அடிவாரத்துல உடைமுள்ளுதான் கெடக்கும். அத விட்டு ஏறுனா தேக்கு, வேங்கை. கோடையில எலையெல்லாம் கொட்டிட்டு நிக்கும். அதுக்கும் மேல வந்துட்டா எல கொட்டுற பேச்சே கெடையாது, மத்தியானமே இருட்டிக் கெடக்கும். உச்சியில வெறும் புல்லு. அந்தப் புல்லும் சோலையும் மழையக் குடிச்சு வச்சிருக்கதுனாலதான் சித்திரையிலயும் ஓடையில தண்ணி ஓடுது."

இன்னொரு நாள் சோலைமந்திகளைப் பற்றிச் சொன்னான். கிளைக்குக் கிளை தாவியே மலையைக் கடந்துவிடுமாம். "நடுவுல மரத்த வெட்டிட்டா அதுக்கு வழி போச்சு. எறங்கி நடக்கத் தெரியாதுன்னு இல்ல, மனசு வராது."

சேரப்பணஞ்சேரியில் அவள் குடியிருந்த அறையின் வீட்டுக்காரி கோவிந்தம்மாவுக்கு இதெல்லாம் சீரியல் பார்ப்பது மாதிரி. "இன்னா செல்வி, காட்டுக்காரரு இன்னிக்கி இன்னா சொன்னாரு? கரடி சாப்ட்டுச்சாமா?" என்பாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் வைத்திருந்தாள். லைனில் கல்யாணப் பத்திரிகை நீட்டிய பெண்கள் அநேகமாக அடுத்த மாதம் வேலைக்கு வந்ததில்லை. இவளும் விட வேண்டியிருக்குமா? மனதுக்குப் பிடித்தவனிடம் அதைக் கேட்கவே பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள், உனக்கு லீவு இல்லாவிட்டால் பூவை நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா சொர்ணம்மாள் சொன்ன பிறகு, இனியும் தள்ளிப்போட முடியவில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசி அனுப்பினாள்.

"ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைய விடணும்னு நெனைக்கீங்களா? நான் விட மாட்டேன். உங்க பதில் தெரியாம எனக்குச் சரின்னு சொல்ல மனசில்ல."

ஒற்றை டிக் விழுந்தது. சாயங்காலம் லாக்கரைத் திறந்தால் அதே ஒற்றை டிக். வெள்ளிக்கிழமையும் அப்படியே. மலையில் மழை என்று செய்தியில் சொன்னார்கள்; இங்கேயும் பிடித்துக்கொண்டது. சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் பஸ் ஊர்ந்து போயிற்று.

"பதில் சொல்லாத இருந்தா, அதான் அவரு பதிலு. வுட்டுத் தள்ளு," என்றாள் கோவிந்தம்மா.

"செய்தி போய்ச் சேரவே இல்லக்கா. அவுக பாறைக்கு ஏறல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. முந்தின வாரம் அவன் சொல்லியிருந்தான்: "எங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும். உச்சியில பேஞ்சது தெரியாது. சத்தம் கேட்டுத் திரும்புததுக்குள்ள கானாத்துல தண்ணி கழுத்துக்கு வந்துரும்." ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியும். அதற்குமுன் இவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று வெள்ளத்தில் இறங்கிவிட்டால்?

அதுவரை போன் அடிக்காதா என்று ஏங்கியவள், சனிக்கிழமை முழுக்க அது அடிக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். செய்தி வந்தால் அவன் வெள்ளத்தைத் தாண்டியிருக்கிறான் என்று அர்த்தம். இந்த ஆள்மேல் தனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, அவுக வந்து உக்காந்துருக்காவ. சரின்னு சொல்லிரட்டா?"

"மலைமேல இருக்க அவுகளப் பத்தித் தகவல் உண்டாம்மா?"

"ஆத்துல தண்ணி போவுதாம். ஆளுக எல்லாம் ஷெட்டுல பத்திரமா இருக்காவன்னு ரேஞ்சர் ஆபீஸ்ல சொன்னாவளாம்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்ப தண்ணி வடியட்டும்மா. நான் அவுககிட்ட ஒண்ணு கேட்டுருக்கேன். பதில் வந்ததும் சொல்லுதேன்."

"பூவத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுதியா? கடையத்துல ஒரு பிள்ளையப் பாத்து வச்சிருக்காவட்டி. நாளைக்கே அங்க போயிருவாவ."

"போனா போகட்டும்மா."

அம்மா பட்டென்று போனை வைத்துவிட்டாள். இசக்கிசெல்வி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவனை இழந்துவிட்டோம் என்றே நினைத்தாள். கோவிந்தம்மா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "நீ பண்ணது சர்தானா, தப்பான்னு எனக்குத் தெர்ல. ஆறிடப்போவுது, குடி."

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது அவன் குரல் வந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்று கேட்டாள். பின்னால் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"இன்னைக்குத்தான் தாண்ட முடிஞ்சுது. சனிக்கிழம கரைவரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். நீங்க கேட்டதக் கேட்டேன். எங்க அம்மா பூவோட திரும்பி வந்ததையும் சொன்னாவ. நீங்க வேலைய விட வேண்டாம். நானும் இந்தக் காட்ட விட்டு எறங்க மாட்டேன். அத எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இத்தன நாளும் மரம், மந்தின்னு பேசிக்கிட்டுக் கெடந்தேன்." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அப்படின்னா நான் எறங்குத அந்த நாலஞ்சு நாளுதான் நமக்கு. அதுலயும் உங்களுக்கு லீவு கெடைக்கணும். அது உங்களுக்குப் பத்துமா?"

பஸ் வந்துவிட்டது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்ல வரவில்லை.

"பத்தாது," என்றாள். ஹாரன் அடித்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். "பத்தாதுங்க. ஆனாலும் அத்தைய பூ கொண்டாரச் சொல்லுங்க."

அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக பஸ்ஸில் ஏறினாள். அவன் அதைக் கேட்க நாளைச் சாயங்காலம் ஆகும்.