கேட்கவே வேண்டாம்

சித்தி தன் தையல் மெஷினுக்கு மோட்டார் பொருத்தியதிலிருந்து வாசலில் யார் வந்து நின்றாலும் அவளுக்குத் தெரிவதில்லை. எங்கள் வீட்டு அழைப்புமணி குருவிக்குஞ்சு மாதிரி கீச்சிடும். மெஷினோ மேடேறும் லாரி மாதிரி உறுமும். சீருடை ஆர்டர் பேச வந்த பள்ளி மேலாளர் இரண்டு முறை மணியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். நேற்று எனக்குப் போன் செய்தார்.

"நாளைக்குக் காலைல கடைசியா ஒரு தடவை வர்றேன், தம்பி. கதவு திறக்கலைன்னா வேற டெய்லரைப் பாத்துக்கறேன்."

காலையில் நான் வேலைக்குப் போய்விடுவேன். "மெஷினை நிறுத்திட்டு உக்காருங்களேன்" என்றேன். "நான் உக்காந்துட்டா இந்தச் சட்டைங்களை உங்க சித்தப்பா வந்து தைப்பாரா?" என்றாள் சித்தி. சித்தப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

ஆகவே மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மின்சாதனக் கடைக்குப் போனேன். அறிவிப்பாளர் பயிற்சி வகுப்பு அது. "உன் லகரமும் ளகரமும் ஒரே வீட்ல குடியிருக்குப்பா" என்று ஆசிரியர் சொன்ன பிறகு, வாயைத் திறக்கும் முன்பு ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாரம் எங்களுக்கு ஒலி, ஒளி, ஒழி பயிற்சி. கடையில் "சத்தம்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கோ பழகிப் பார்க்க ஆசை.

"ஒலி அதிகமா இருக்கிற காலிங் பெல் வேணும்" என்றேன்.

விற்பனையாளர் முகம் மலர்ந்தது. "ஒளிதானே சார்? இருக்கே!"

அவர் சொன்னது என் காதில் ளகரமாக விழுந்தது. நான் சொன்னதே அப்படித்தானோ? நாக்கைச் சரிசெய்துகொண்டு, இன்னும் கவனமாக, அவர் கண்ணைப் பார்த்து அழுத்திச் சொன்னேன்.

"ஒழி."

அவர் ஓரடி பின்வாங்கினார். "என்ன சார் இது? நான் என்ன தப்பா பேசிட்டேன்?"

பில் போடும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. நீங்க சொன்னதேதான் வேணும்" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

சமாதானமாகி ஒரு பெட்டியை எடுத்துவந்தார். மேலே எனக்குத் தெரியாத மொழியில் பத்தி பத்தியாக அச்சடித்திருந்தது. பெட்டியைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம் மட்டும் புரிந்தது.

"மழையில நனைஞ்சா?"

"தண்ணியே தேவையில்ல சார், கரண்ட்லயே ஓடும்."

"வாசல் பொத்தான்லருந்து எவ்வளவு தூரம் எடுக்கும்?"

"நீங்க எங்க எடுத்துட்டுப் போனாலும் போகும் சார். கூலிங் சூப்பரா இருக்கும்."

"கூலிங்கா?"

"மன்னிச்சுக்கோங்க சார். நேத்து வரைக்கும் ஃப்ரிட்ஜ் பக்கம் இருந்தேன்."

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"எல்லா பிளக்லயும் ஃப்ரிட்ஜ் ஓடுது சார்."

கடைசியாக முக்கியமான கேள்வியைக் கேட்டேன். அந்தச் சொல்லை மறுபடி தொடத் துணிச்சல் இல்லாததால் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "பக்கத்துல பெரிய மெஷின் ஓடிட்டிருந்தாலும், ஆள் வந்தது தெரியுமா?"

"நல்லா தெரியும் சார். அடுத்த தெருவுக்கே தெரியும்." பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "இதுல கேக்கவே வேணாம் சார்."

வீட்டுக்கு வந்து, பெட்டியில் இருந்த இரண்டில் பெரியதைச் சித்தியின் அறைச் சுவரிலும் பொத்தானை வாசலிலும் பொருத்தினேன். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்தினேன். மூச்சுப் பேச்சு இல்லை. கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அழுத்தினேன். மெஷின்தான் உறுமியது. கடை மூடியிருக்கும். விடிந்தால் மேலாளர் வந்துவிடுவார். சீருடை ஆர்டர் என்னால் போகப்போகிறது. ஆத்திரத்தில் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினேன்.

சட்டென்று கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு சித்தி நின்றாள்.

"டேய், எத்தனை தடவைடா அழுத்துவே? கண்ணு கூசுது!"

உள்ளே ஓடிப் பார்த்தேன். சுவரில் வட்டமான விளக்கு ஒன்று பளிச் பளிச் என்று வெட்டிக்கொண்டிருந்தது. வேறு சத்தம் கிடையாது. சித்தி தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை மேலெல்லாம் மின்னல்.

இன்று மாலை வீடு திரும்பியபோது மேசையில் சீருடைத் துணி குவிந்திருந்தது. மேலாளர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன்பே சித்தி கதவைத் திறந்துவிட்டாளாம். நான் சொன்னது லகரமா ளகரமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரிடம் கேட்கும் உத்தேசமும் இல்லை.

"நல்லா விசாரிச்சுத்தான்டா வாங்கியிருக்கே" என்றாள் சித்தி, மெஷினை ஓட்டியபடி.

"கேக்கவே வேணாம் சித்தி" என்றேன்.

"என்ன?" என்றாள்.